பத்து நாளும் நாலு புளியங்கொட்டையும்

என் வீட்டுக்காரர் இடது கைப் பெருவிரலால் சீட்டின் ஓரத்தை லேசாகத் தூக்கிப் பார்த்தார். இரண்டே சீட்டு. பார்த்ததும் அப்படியே படிய விட்டு, மின்விசிறிக் காற்றில் பறக்காதபடி மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து மேலே வைத்தார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பார்த்துப் பிரயோசனமில்லை. வாதம் வந்ததிலிருந்து வலப்பக்க முகம் எதற்கும் அசைவதில்லை. இடப்பக்கம் அதற்கு முன்பும் பெரிதாக அசைந்ததில்லை.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். வாய்க்காலில் தண்ணீரை நிறுத்தியிருந்த மாதம். பரமத்தி வேலூரில் அந்த வெயிலுக்கு வாழை இலையே துவண்டு தொங்கும். அவருக்குச் சோறு பிசைந்து ஊட்டி, வாய் துடைத்து, மாத்திரை கொடுத்து, வேட்டி மாற்றிவிட்டு, நானும் இரண்டு கவளம் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். கண் சொக்கிக்கொண்டு வந்தது.

"உன்ற மொறை அம்மிணி," என்றார். வாய் கோணிப் போனதால் வார்த்தை வழுக்கும். எனக்குப் பழகிவிட்டது.

அன்றைக்கு என்னத்துக்காக ஆடினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெங்கவல்லியில் என் அக்கா வீட்டில் பத்து நாள் தூங்குவதற்காக ஆடினேன். காசுக்கும் இல்லை, நகைக்கும் இல்லை. தூக்கத்துக்கு.

வீட்டுக்காரரைக் காணோமே

இத்தனை வாரமாக இந்தத் தொடரில் நான் ஜெராக்ஸ் கடை வைத்த கதை, தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக்கொடுத்த கதை, மகளைப் படிக்கவைத்த கதை எல்லாம் எழுதிக்கொண்டு வருகிறேன். படிக்கிற அம்மா ஒருவர் கடிதம் போட்டிருந்தார். "உங்கள் கதையில் ஊரே வருகிறது, வீட்டுக்காரரை மட்டும் காணோமே?" என்று. நியாயமான கேள்விதான். வீட்டிலேயே காணாத ஆளைக் கதையில் எங்கே கொண்டுவருவது?

செல்லமுத்து என்று பேர். எழுதும்போதே கை கூசுகிறது. இந்த வயதிலும் புருசன் பேரைச் சொல்ல வாய் வருவதில்லை. ரிக் வண்டியில் டிரில்லர். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியில், பூமிக்குள் குழாய் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அவர். திருச்செங்கோட்டில் வண்டி ஏறினால் ஆந்திரா, ஒடிசா, ராஜஸ்தான் என்று எட்டு மாதம், பத்து மாதம் போய்விடும். இரண்டு வருசம் ஆப்பிரிக்காவுக்கும் போனார். மாரியம்மன் பண்டிகைக்கு வருவார், பதினைந்து நாள் தூங்குவார், போய்விடுவார்.

சேர்ந்து இருந்த நாட்களை ஒருமுறை விரல் விட்டுப் பார்த்தேன். முப்பது வருசக் கல்யாணத்தில் நாலு வருசம் தேறவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் பல் விளக்கும்போது கீழே விழுந்தார். அன்றிலிருந்து ஒரு நாள் கூடப் பிரிந்ததில்லை. சாமி வட்டியும் முதலுமாகக் கொடுத்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சிரிப்பேன். அழுகிற நேரமெல்லாம் கடந்து போயிருந்தது.

ரெண்டு சீட்டு போதும்

எருமப்பட்டியிலிருந்து தேன்மொழி என்று ஒரு பெண் ஸ்கூட்டியில் வருவாள். பிசியோதெரபிஸ்ட். தினமும் நாலு மணிக்கு வந்து கையை நீட்டி மடக்கிவிடுவாள். ஒரு தட்டில் புளியங்கொட்டையைக் கொட்டி, செயலற்ற வலது கையால் ஒவ்வொன்றாக எடுத்து இன்னொரு தட்டில் போடச் சொன்னாள். அதுதான் விரலுக்குப் பயிற்சி.

அவர் மாட்டேன் என்றுவிட்டார். "நானென்ன பாலவாடிப் புள்ளயா?" என்று தட்டைத் தள்ளினார். வீடெல்லாம் புளியங்கொட்டை. நான் முட்டி வலியோடு கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து பொறுக்கினேன்.

"ஏனுங்கம்மா, அய்யாவுக்குச் சீட்டு வெளையாடத் தெரியுமுங்களா? கொட்டைய வெச்சு ஆடச் சொல்லுங்க," என்றாள் தேன்மொழி.

ரம்மி ஆகவில்லை. பதின்மூன்று சீட்டை விசிறியாக விரித்துப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். அப்போதுதான் அவராக, வாதம் வந்த பிறகு முதல்முதலாக அவராக, ஒன்றைச் சொன்னார். "போக்கர் ஆடலாம். ரெண்டு சீட்டு போதும்."

ஆப்பிரிக்காவில் மழைக்காலத்தில் ரிக் வண்டி சேற்றை விட்டு நகராதாம். வேலையில்லாத பகலெல்லாம் கேம்ப் ஆட்கள் அதைத்தான் ஆடுவார்களாம். ஆளுக்கு இரண்டு சீட்டு, மற்றவர் பார்க்காமல். நடுவில் எல்லாருக்கும் பொதுவாக முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் கொட்டை வைக்கலாம், வைக்காமல் மேசையைத் தட்டிவிட்டுச் சும்மா இருக்கலாம். எதிராளி வைத்துவிட்டால் நீயும் அதே அளவு வைக்க வேண்டும், இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்க வேண்டும். கடைசி வரை நிற்கிறவர்கள் சீட்டைக் காட்டுவார்கள். ஒதுங்க வைத்தே ஜெயித்தவர் காட்ட வேண்டியதில்லை.

தேன்மொழி ஒரு சட்டம் சேர்த்தாள். அவர் சும்மா இருக்கிறதானால் இடது கையால் தட்டலாம். கொட்டை வைக்கிறதானால் வலது கையால்தான் வைக்கணும். ஒரு கொட்டையை எடுத்து நடுவில் கொண்டுபோய் வைக்க, ஆரம்பத்தில் ஐந்து நிமிசம் ஆனது. வியர்த்துவிடும் அவருக்கு.

பக்கத்து வீட்டு அம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய், புருசனும் பெண்டாட்டியும் சூதாடுகிறோம் என்று தெருவெல்லாம் பரப்பினார். ஆமாங்க, புளியங்கொட்டை வைத்து மாளிகை கட்டப் போகிறோம் என்றேன்.

சுமாரான சீட்டு

ஆட்டத்தில் எனக்குப் பிடிபடாத இடம் ஒன்று இருந்தது. நல்ல சீட்டு வந்தால் வைக்கலாம், அது யாருக்கும் தெரியும். நல்ல சீட்டு எத்தனை தடவை வருகிறது? முக்கால்வாசி நேரம் குப்பைதான் வரும், இல்லையென்றால் ரெண்டும் கெட்டானாக ஏதோ வரும். ரெண்டும் கெட்டானாக வந்தால் நான் தைரியமாக வைப்பேன். குப்பை வந்தால் அடங்கிவிடுவேன். சீக்கிரமே தோற்றுப்போவேன்.

"தலகீழா ஆடற நீ," என்றார் ஒருநாள். "சுமாரா இருந்தா வெக்காத. தட்டிட்டுச் சும்மா இரு. ஒன்னுமே இல்லீன்னாத்தான் வெக்கோணும்."

"இதென்னங்க அநியாயமா இருக்குது?"

வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். சுமாரான சீட்டுக்கு நீ வைத்தால், உன்னைவிட மோசமானவன் ஓடிவிடுவான், உன்னைவிட நல்லது வைத்திருப்பவன் நிற்பான். வைத்து என்ன லாபம்? சும்மா இருந்தால் காட்டும்போது அதுவே ஜெயிக்கலாம். ஒன்றுமில்லாத சீட்டு காட்டினால் தோற்பது நிச்சயம். எதிராளியை ஓட வைத்தால்தான் அதற்கு வழி. அதனால் அதற்குத்தான் வைக்க வேண்டும்.

"எல்லா நேரமுமா?"

"ம்ஹூம். எப்பவும் வெச்சாக் கண்டுபுடிச்சிருவாங்க. எப்பவாச்சும். அதும் ஓடற ஆளுகிட்ட. ஓடாதவங்கிட்ட வெச்சா நாமதான் பைத்தியக்காரன்."

"நான் ஓடற ஆளா, நிக்கற ஆளா?"

அவர் இடப்பக்க உதடு கொஞ்சம் இழுபட்டது. சிரிப்புதான். "உனக்குத் தெரியாதாக்கு?" என்றார்.

இந்த வித்தை போக்கரில் மட்டும் வந்ததில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம். எருமப்பட்டிப் பக்கம் வெங்காயக் காட்டில் போர் போட்ட கதை ஒன்று சொல்வார். எழுநூறு அடி இறங்கியும் வெறும் புழுதி. காட்டுக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று, "ஏனுங், இன்னொரு நூறடி போட்டுப் பாத்தரலாமுங்களா?" என்று டிரில்லர் முகத்தையே பார்ப்பாராம். டிரில்லருக்கும் பூமிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. முகத்தில் ஒரு சுளிப்பு வந்தாலும் அந்த மனுசன் அதை நம்பி நிறுத்துவார், இல்லை கடன் வாங்கிப் போடுவார். அதனால் முகத்தைக் காட்டவே கூடாது என்று பழகிக்கொண்டாராம்.

பழகினது சரி. அந்த முகத்தை வீட்டுக்கு வரும்போது வண்டியிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம். எனக்கு அதில் இன்னும் கோபம் உண்டு.

ஒரு கொட்டைக்கு ஒரு நாள்

நான் களைத்துப் போனேன். அழகாகச் சொல்லத் தெரியவில்லை, களைத்துப் போனேன், அவ்வளவுதான். விடிகாலை ஐந்துக்கு எழுந்தால் துணி அலசுவதில் ஆரம்பிக்கும். ஆளைப் புரட்டிப் படுக்க வைக்கணும், முதுகில் புண் வராமல் பவுடர் போடணும், சோற்றைக் குழைய வடித்து ஊட்டணும். ராத்திரி மூன்று தடவை கூப்பிடுவார். ஒருநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றபடியே தூங்கி, பொங்கி வழிந்த வாசத்தில்தான் விழித்தேன். மகள் கோயமுத்தூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். அவளைக் கூப்பிட மனசு வரவில்லை.

கெங்கவல்லியிலிருந்து அக்கா போனில் திட்டுவாள். அந்தப் பக்கத்துக்கு வாக்கப்பட்டுப் போய் அவள் பேச்சே மாறிவிட்டது. "ஏண்டி, நீ படுத்துட்டா அந்த ஆள யாரு பாப்பாங்க? மரவள்ளிக் காட்டு ஓரமா கட்டில் போட்டுத் தரேன், வந்து பத்து நாள் தூங்கிட்டுப் போடி," என்பாள். அவள் சொல்லும்போதே எனக்குக் கொட்டாவி வந்துவிடும்.

நாமக்கல்லில் இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறது, பத்து நாளைக்கு அங்கே விடலாம், தினமும் நானே போய்ப் பார்க்கிறேன் என்றாள் தேன்மொழி. அவரிடம் சொன்னேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் மேசை மேல் சீட்டுக்கட்டை இடது கையால் தட்டினார்.

"ஆடலாம். உனக்குப் பத்துக் கொட்டை, எனக்குப் பத்து. ஒரு கொட்டைக்கு ஒரு நாளு. ஒரே ஆட்டம். முடியும்போது உங்கிட்ட எத்தன இருக்குதோ அத்தன நாளு போ. நானு நாமக்கல்லுக்குப் போறேன்."

இன்றைக்கு யோசித்தால், நான் ஏன் ஒப்புக்கொண்டேன் என்று என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. எனக்கு உரிய பத்து நாளைக் கொண்டுபோய் மேசையில் வைத்து, தோற்றால் விட்டுக்கொடுக்கிறேன் என்று உட்கார்ந்தவள் நான். ஆனால் அன்று, ஒரு பேச்சாவது பேசினாரே என்றுதான் இருந்தது.

வலது கை

ஆரம்பத்திலேயே ஆளுக்கு இரண்டு கொட்டை நடுவில் வைத்தோம். எனக்கு ஒரு ஒன்பதும் ஒரு நாலும் வந்தன. நடுவில் மூன்று சீட்டு விழுந்தது: ஏஸ், ஜாக்கி, ஒன்பது. எனக்கு ஒன்பது ஜோடி சேர்ந்தது. சுமாரான சீட்டு. பாடத்தை மறக்கவில்லை, மேசையைத் தட்டிவிட்டுச் சும்மா இருந்தேன்.

அவர் வலது கையைத் தூக்கினார். இரண்டு கொட்டை வைத்தார். நானும் இரண்டு வைத்தேன். அடுத்து நடுவில் ஏழு விழுந்தது. தட்டினேன். மறுபடி இரண்டு வைத்தார், நானும் வைத்தேன். என்னிடம் நாலு மிச்சம். நாலு நாள்.

கடைசிச் சீட்டு மூன்று. யாருக்கும் உதவாத மூன்று. தட்டினேன்.

அவர் தன் நாலு கொட்டையையும் பார்த்தார். வலது கையை மேசை மேல் இழுத்துக்கொண்டு வந்தார். முதல் கொட்டையைக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் சிக்க வைத்து, கையோடு சேர்த்து நகர்த்தி, நடுவில் விட்டார். இரண்டாவது பாதி வழியில் நழுவி உருண்டது. நான் எடுத்துக்கொடுக்கப் போனேன். "தொடாத," என்றார். அதை மறுபடி பிடிக்க எத்தனை நேரம் ஆனதோ தெரியாது. நெற்றியில் வியர்வை இறங்கிக் கண்ணில் விழுந்தது. துடைக்கவில்லை. மூன்றாவது. கை சோர்ந்து, கொஞ்ச நேரம் அப்படியே மேசையில் கிடந்தது. போதும் என்று நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நாலாவதையும் கொண்டுவந்து வைத்தார்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். தேன்மொழி இருந்திருந்தால் கைதட்டியிருப்பாள்.

நான் என் ஒன்பது ஜோடியைப் பார்த்தேன். அவர் வைத்ததுக்குச் சமமாக வைத்து ஜெயித்தால் இருபது நாள். தோற்றால் ஒரு நாளும் இல்லை. கவிழ்த்துவிட்டால் நாலு நாளாவது மிஞ்சும். இத்தனை பாடுபட்டு ஒரு மனுசன் வைக்கிறார் என்றால் கையில் ஒன்றும் இல்லாமலா வைப்பார்? ஏஸ் ஜோடி இருக்கும். இல்லை, அதைவிடப் பெரிதாக இருக்கும். முகத்தைப் பார்த்தேன். அதில் என்ன இருக்கப்போகிறது.

போக வர அலைச்சல் போனாலும் மூன்று நாள் தூங்கலாமே என்று கணக்குப் போட்டேன். மூன்று நாள் கிடைத்தாலும் போதும் என்று இருந்தது. சீட்டைக் கவிழ்த்தேன்.

காட்ட வேண்டியதில்லை என்பது சட்டம். காட்டவே கூடாது என்பது அவர் எனக்குச் சொன்ன பாடம். அவர் இடது கையால் தன் இரண்டு சீட்டையும் மெதுவாகப் புரட்டிப் போட்டார். ஒரு பத்து. ஒரு ரெண்டு. எதோடும் சேராத குப்பை.

"ஒன்னுமில்ல அம்மிணி," என்றார்.

பதினொன்றாம் நாள்

எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். பாவமாக இல்லை. உடம்பெல்லாம் எரிந்தது. கால் மணி நேரம் வியர்வை சொட்டச் சொட்ட அந்தக் கையை இழுத்தது, நான் ஆறு நாள் குறைத்துத் தூங்க வேண்டும் என்பதற்கா? இந்த வேலைக்காகவா இந்தக் கைக்கு நான் இத்தனை மாதம் எண்ணெய் தேய்த்தேன்?

கவிழ்த்த என் சீட்டை எடுத்து அவர் முன்னால் போட்டேன். ஒன்பதைப் பார்த்தார். "வெச்சிருந்தீன்னா இருவது நாளு," என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்து நிறுத்திக்கொண்டார்.

"எனக்கு இருவதும் வேண்டாம், நாலும் வேண்டாம்," என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "பத்து நாளு போறேன். பொதன்கெழமை போறேன். நாமக்கல்லுல பேசியாச்சுங்க. அதுக்குச் சீட்டு ஆடோணும்னு எனக்கொன்னும் இல்ல. ஆட ஒக்காந்ததே என்ற தப்பு."

முப்பது வருசத்தில் அவரிடம் நான் இப்படிப் பேசியதில்லை. நான் கொட்டைகளை டப்பாவில் அள்ளிப் போட்டேன். வாசலில் தேன்மொழியின் ஸ்கூட்டி வந்து நின்றது. கதவைத் திறக்க எழுந்தேன்.

"அம்மிணி."

திரும்பினேன்.

"பத்து நாளு கழிச்சு வருவியா?"

ஒவ்வொரு பண்டிகை முடிந்தும் அவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, வேலூர் பஸ் நிறுத்தத்தில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். சாப்பிடுங்க, உடம்பைப் பாத்துக்கங்க, போன் பண்ணுங்க என்று எல்லாம் சொல்லியிருக்கிறேன். இந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் அவர் என்ன சொல்வாரோ என்ற பயம். அத்தனை வருசமும் என் தொண்டையில் நின்ற அதே கேள்வியை, அவர் அந்தக் கோணல் வாயால் என் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டார்.

"வருவேனுங்க," என்றேன்.

அப்போது அது பொய். திரும்பி வருவதைப் பற்றி நினைக்கக் கூட என்னிடம் தெம்பு இல்லை, வாயில் வந்ததைச் சொன்னேன். கெங்கவல்லியில் நாலாம் நாள் மத்தியானம், அக்கா போட்டுக்கொடுத்த கட்டிலில் தூங்கி எழுந்து, இந்நேரம் நாமக்கல்லில் அவருக்குச் சோறு ஊட்டியிருப்பார்களா என்று நானாக நினைத்தேன். அப்போதுதான் அது நிஜமானது.